கப்பல் சோற்றுக் கடன்

மணவாள நகரிலிருந்து ரயில் பாதையைத் தாண்டித் திருவள்ளூருக்குள் போனால் வீரராகவப் பெருமாள் கோயில். அங்கே பள்ளிகொண்டிருக்கும் பெருமாளின் தலபுராணம் ஒரு சாப்பாட்டுக் கதை. சாலிஹோத்ர முனிவர் ஒரு தை அமாவாசையிலிருந்து மறு தை அமாவாசை வரை உபவாசம் இருக்கிறார். நோன்பு முடிக்கும் நாளில் மாவைப் பக்குவம் செய்து வைத்துவிட்டு, விருந்தாளி யாராவது வரட்டும் என்று காத்திருக்கிறார். ஒரு கிழவர் வருகிறார். கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் பசிக்கிறது என்கிறார். முனிவர் தன் பங்கையும் எடுத்து வைக்கிறார். உண்ட களைப்பில் எங்கே படுக்கலாம் என்று கேட்டவருக்குத் தான் படுக்கும் இடத்தையே காட்டுகிறார். படுத்தவர் பெருமாள். சோறு போட்ட வீட்டை விட்டு அவர் இன்றுவரை போகவில்லை.

கடவுளே இப்படி என்றால் மனிதர்களைச் சொல்லவே வேண்டாம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லி வளர்க்கும் சமூகம் இது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதைவிடப் பெரிய வசை தமிழில் குறைவு. 1964இல் வந்த ‘கர்ணன்’ படத்தைப் பார்த்து அழுத தலைமுறைக்குத் துரியோதனன் பக்கம் நியாயம் இல்லை என்பது தெரியாமல் இல்லை. தெரிந்தே அழுதது. செஞ்சோற்றுக் கடன் தீர்க்கப் போய்ச் செத்தவன் என்ற ஒன்றே கர்ணனின் மற்றக் கணக்குகளையெல்லாம் நேர் செய்துவிட்டது.

சோறு போட்டவன் அநியாயக்காரன் என்றால் என்ன செய்வது? இந்தக் கேள்வியைக் கம்பர் அண்ணன் தம்பி இருவரை வைத்துக் கேட்டார். கும்பகருணனும் வீடணனும் ராவணனின் சோற்றை உண்டவர்கள். சீதையைச் சிறை வைத்தது தவறு என்று இருவருமே அவன் முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள். அப்புறம் ஒருவன் கடலைத் தாண்டி எதிரியிடம் அடைக்கலம் புகுந்தான். மற்றவன் தோற்பது நிச்சயம் என்று தெரிந்தும் போருக்குப் போனான். போர்க்களத்தில் தம்பி வந்து அழைத்தபோது, இத்தனை காலம் வளர்த்துப் போர்க்கோலமும் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வர முடியாது என்று மறுத்தான். குலத்தில் மடிகிறவர்களுக்கு நீர்க்கடன் செய்ய நீயாவது இரு என்று தம்பியைத் திருப்பி அனுப்பினான். இரண்டில் எது தர்மம் என்று கம்பர் தீர்ப்பு எழுதவில்லை. பட்டிமன்ற மேடைகள் இன்னும் அதை வைத்துப் பிழைக்கின்றன.

1946 பிப்ரவரியில் இதே வழக்கு பம்பாய்த் துறைமுகத்துக்கு வந்தது. இந்த முறை சோற்றில் கல் இருந்தது.

பலாய் சந்திர தத் வங்காளி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராயல் இந்தியக் கடற்படையில் சேர்ந்து தந்தித் தொடர்பில் பயிற்சி பெற்றவர். போர் முடிந்த பிறகு பம்பாய் கொலாபாவில் இருந்த ‘தல்வார்’ என்ற தகவல் தொடர்புப் பயிற்சித் தளத்தில் இருந்தார். பெயர்தான் கப்பலுக்குரியது, தல்வார் கரையில் கட்டப்பட்ட நிலையம். அங்கே பரிமாறிய பருப்பும் சோறும் வாயில் வைக்க முடியாதவை. அதே வேலையைச் செய்த வெள்ளை மாலுமிக்குச் சம்பளமும் வேறு, தட்டும் வேறு. பாசிசத்தை ஒழிக்கப் போகிறோம் என்று சொல்லிக் கடலுக்கு அனுப்பப்பட்ட இளைஞர்கள் திரும்பி வந்தபோது, டில்லி செங்கோட்டையில் நேதாஜியின் படையினர் மீது விசாரணை நடந்துகொண்டிருந்தது. அரசருக்குச் செய்த சத்தியம் பெரிதா, நாட்டுக்குச் செய்ய வேண்டியது பெரிதா என்ற வாதத்தை பூலாபாய் தேசாய் 1945 இறுதியில் ராணுவ நீதிமன்றத்திலேயே எடுத்து வைத்தார். அந்த வாதத்தை மாலுமிகள் செய்தித்தாளில் படித்தார்கள்.

1945 டிசம்பர் 1 கடற்படை நாள். விடிந்து பார்த்தால் தல்வார் வளாகத்தில் ‘வெள்ளையனே வெளியேறு’, ‘ஜெய் ஹிந்த்’ என்ற எழுத்துகள். அடுத்த பிப்ரவரி 2 அன்று தலைமைத் தளபதி வரும் நேரத்தில், பசையும் துண்டறிக்கைகளுமாக தத் பிடிபட்டார். ஒரு வாரத்துக்குள், பிப்ரவரி 8 அன்று, தளத்தின் தலைவர் கமாண்டர் கிங் தன் கீழ் இருந்தவர்களைக் கூலிகளின் பிள்ளைகள், காட்டுமிராண்டிகளின் பிள்ளைகள் என்று ஏசினார். மூன்றாவதாகச் சொன்ன வசையை இங்கே அச்சேற்ற வேண்டாம். பிப்ரவரி 18 காலையில் தல்வாரின் மாலுமிகள் சாப்பாட்டைத் தொடவில்லை. சோறில்லையேல் வேலையில்லை என்பதுதான் முதல் முழக்கம்.

சில நாட்களில் 78 கப்பல்கள், 20 கரைத் தளங்கள், ஏறத்தாழ 20,000 மாலுமிகள் என்று அது பரவியது. கராச்சி, கல்கத்தா, சென்னை என எல்லாத் துறைமுகங்களும் அதில் வந்தன. கொடிமரங்களில் பிரிட்டிஷ் கொடி இறங்கி, காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகள் மூன்றும் சேர்ந்து ஏறின. வேலைநிறுத்தக் குழுவுக்குத் தலைவர் எம்.எஸ். கான், துணைத் தலைவர் மதன் சிங். ஒருவர் முஸ்லிம், ஒருவர் சீக்கியர். கோரிக்கைப் பட்டியலில் நல்ல சாப்பாடும் சம சம்பளமும் இருந்தன. நேதாஜி படையினரை விடுதலை செய், இந்தோனேசியாவிலிருந்து இந்தியத் துருப்புகளைத் திருப்பி அழை என்பவையும் அதே பட்டியலில் இருந்தன. கடற்படையே அழிந்தாலும் பரவாயில்லை, அடக்கியே தீருவேன் என்ற பொருளில் கடற்படைத் தலைவர் அட்மிரல் காட்ஃப்ரே வானொலியில் பேசினார். பம்பாய்த் தெருக்களில் மாலுமிகளுக்கு ஆதரவாக இறங்கிய மக்களில் இருநூறு பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இங்கே காந்தி வருகிறார். அவர் கேட்ட கேள்வி கிங்கின் வசையைவிடக் கூர்மையானது. இந்த வேலை உங்களுக்கும் நாட்டுக்கும் அவமானம் என்றால் ஏன் தொடர்ந்து அதில் இருந்தீர்கள்? விட்டு விலகியிருக்கலாமே என்றார். வன்முறைக்காக இந்துவும் முஸ்லிமும் கைகோத்ததை அவர் புனிதமாகக் கொள்ளவில்லை. அரசியல் சட்ட மேசையைவிடத் தடுப்பரணில்தான் இந்துக்களையும் முஸ்லிம்களையும் எளிதாகச் சேர்க்க முடியும் என்று காங்கிரஸின் அருணா ஆசஃப் அலி பதில் சொன்னார். போராளிகள் எப்போதும் தடுப்பரணிலேயே குடியிருப்பதில்லை என்று காந்தி திருப்பினார். அடுத்த ஆண்டு நடந்ததை நினைத்தால் இருவர் சொன்னதுமே பலித்தது என்றுதான் தோன்றுகிறது.

காந்திக்கு இது புதிய நிலைப்பாடு இல்லை. 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரில் நிராயுதபாணிக் கூட்டத்தைச் சுட மறுத்தார்கள் கார்வால் ரைஃபிள்ஸ் சிப்பாய்கள். அகிம்சைக்கு அதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? ஆனால் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் கேட்டபோது, சுடச் சொன்ன உத்தரவை மீறிய சிப்பாய் தான் எடுத்த சத்தியத்தை மீறியவன் என்றுதான் காந்தி சொன்னார். நாளைக்கு ஆட்சி நம் கைக்கு வரும்போது இதே சிப்பாய்களைத்தானே நாமும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் ஒளிக்காமல் சொன்னார். காந்தியை மகானாக மட்டும் பார்ப்பவர்கள் கடந்து போகும் இடம் இது. அவருடைய கணக்கில் சத்தியம் செய்தவன் அதற்குள் இருந்துகொண்டே அதை உடைக்கக் கூடாது. முதலில் வெளியே வர வேண்டும், பிறகு எதிர்க்கலாம்.

வெளியே வருவதற்கு இந்தப் பக்கத்திலேயே ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. மணவாள நகரிலிருந்து பூந்தமல்லி போகும் வழியில் இருக்கிறது திருமழிசை. அந்த ஊர் ஆழ்வாருக்குக் கணிகண்ணன் என்று ஒரு சீடர். பல்லவ மன்னன் தன்னைப் பாடச் சொன்னான், கணிகண்ணன் மறுத்தார், நாடு கடத்தல் உத்தரவு வந்தது. சீடர் கிளம்பினார், குரு பின்னால் கிளம்பினார், நீயும் பாயைச் சுருட்டு என்று ஆழ்வார் சொன்னதும் காஞ்சிப் பெருமாளும் நாகப்படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நடந்தார். ஊர் இருண்டது. மன்னன் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டான். வைணவ மரபு பாதுகாத்து வைத்திருக்கும் மிக அழகான வெளிநடப்பு இதுதான். யாரும் யாரையும் அடிக்கவில்லை. அரண்மனை கேட்ட பாட்டுக் கிடைக்கவில்லை, அவ்வளவே.

கணிகண்ணனால் நடந்து போக முடிந்தது. மாலுமியால் முடியுமா? படையில் சேர்ந்தவன் நினைத்த நாளில் ராஜினாமாக் கடிதம் நீட்ட முடியாது. சொல்லாமல் போனால் ஓடிப்போனவன் என்று பிடித்துச் சிறையில் போடுவார்கள். காந்தியின் கேள்வி வெளியே போக வாசல் உள்ள வீட்டுக்குப் பொருந்தும். கப்பலுக்கு வாசல் கிடையாது. இருந்தவர்களுக்குக் கையில் இருந்த ஒரே வெளிநடப்பு, தட்டைத் தள்ளி வைப்பது. அதைத்தான் முதல் நாள் செய்தார்கள்.

தட்டைத் தள்ளி வைக்கும் பழக்கம் இந்த வட்டாரத்தில் இன்னும் போகவில்லை. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு நஞ்சானது. 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நள்ளிரவில் அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். சோறு போட்ட நிறுவனத்துக்கு எதிராகச் சாலை மறியலா என்று அப்போது முகம் சுளித்தவர்கள் உண்டு. கம்பெனி பஸ் ஏறிக் காலை ஷிஃப்ட்டுக்குப் போகிறவருக்குப் போடும் சோறு தானம் இல்லை, சம்பளத்தின் ஒரு பங்கு. அதை உப்பிட்ட கணக்கில் எழுதிவைத்து நன்றி கேட்பதுதான் முதலாளிகளின் பழைய சாமர்த்தியம். 1946 பம்பாயிலும் அதுதான் நடந்தது: இந்தியர் கட்டிய வரிப்பணத்தில் ஓடிய கடற்படை, அரசர் போட்ட சோறு என்று பெயர் சூட்டிக்கொண்டது. கும்பகருணன் ராவணனுக்குக் கடன்பட்டவன் என்று ஒப்புக்கொள்ளலாம். கல் கலந்த பருப்பைத் தின்ற தத், ஆறாம் ஜார்ஜுக்கு என்ன கடன்பட்டார்?

வேலூர்க் கோட்டைச் சிப்பாய்களும் 1806 ஜூலை 10 அன்று இதே கணக்கைத்தான் கேட்டார்கள். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகை கட்டு என்று கிழக்கிந்தியக் கம்பெனி உத்தரவு போட்டது. தின்ற உப்பு வயிற்றுக்குத்தான், நெற்றிக்கும் சேர்த்து இல்லை என்பதுபோல அவர்கள் எழுந்தார்கள். நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள்.

கடன் இல்லை என்று சொல்வது பாதி வழிதான். வீடணன் கதையில் எல்லோரும் மறக்கும் பகுதி, அவன் கடலைத் தாண்டிய பிறகு நடந்த விவாதம். அக்கரையில் இருந்தவர்கள் அவனை உடனே கட்டித் தழுவவில்லை. சுக்கிரீவன் சந்தேகப்பட்டான். ஆபத்து நேரத்தில் உடன்பிறந்த அண்ணனையே விட்டு வந்தவன் நாளைக்கு நம்மை விட மாட்டானா என்றான். அனுமன் மாற்றுக் கருத்துச் சொன்னான். கடைசியில் ராமன் ஏற்றான்; குகனும் சுக்கிரீவனும் சேர்ந்த சகோதரர் வரிசையில் வீடணனை ஏழாவதாகச் சேர்த்தான். திருவள்ளூர்க் கோயிலை நிர்வகிக்கும் அகோபில மடம் ஆசாரியராகக் கொண்டாடும் வேதாந்த தேசிகர், இந்த ஒரு நிகழ்ச்சியை வைத்தே ‘அபயப்பிரதான சாரம்’ என்று தனி நூல் எழுதினார். சரணாகதித் தத்துவத்துக்கே அது சாட்சிப் பிரமாணம். வந்தவனின் யோக்கியதையைப் பற்றி எவ்வளவு பேசப்படுகிறதோ, ஏற்றுக்கொண்டவனின் மனசைப் பற்றி அதைவிட அதிகம் அங்கே பேசப்படுகிறது. ஏற்பவர் இல்லாவிட்டால் வீடணன் வெறும் துரோகிதான்.

பம்பாயில் மாலுமிகள் காங்கிரஸ் என்ற அக்கரையைப் பார்த்து நின்றார்கள். அருணா அனுமன் பக்கம் பேசினார். முடிவு எடுத்தவர் சர்தார் படேல். சரணடையுங்கள், பழிவாங்கல் நேராமல் காங்கிரஸ் தன்னால் ஆனதைச் செய்யும் என்று சொல்லி அனுப்பினார். பிப்ரவரி 23 காலையில் கறுப்புக் கொடிகள் ஏறின. நாங்கள் பிரிட்டனிடம் சரணடையவில்லை, இந்தியாவிடம் சரணடைகிறோம் என்றது வேலைநிறுத்தக் குழு. சரணாகதி என்ற சொல் அதற்குப் பொருந்தும், ஏற்ற கை மட்டும் இல்லை. மார்ச் தொடக்கத்தில் ஆந்திரக் காங்கிரஸ்காரர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் படேல் காரணத்தைச் சொன்னார்: படையின் ஒழுங்கோடு விளையாட முடியாது, சுதந்திர இந்தியாவுக்கும் படை வேண்டும். சுக்கிரீவன் சொன்னதை நிர்வாக மொழியில் எழுதினால் இப்படித்தான் வரும். அன்றைய நிலையில் அது முட்டாள்தனமான வாதமும் அல்ல. ஆனால் 476 மாலுமிகள் வேலையிழந்தார்கள். 1947க்குப் பிறகு இந்தியக் கடற்படையும் அவர்களைத் திரும்ப எடுக்கவில்லை, பாகிஸ்தான் கடற்படையும் எடுக்கவில்லை. எல்லாவற்றையும் பிரித்துக்கொண்ட இரண்டு நாடுகள் இந்த விஷயத்தில் மட்டும் ஒத்துப்போயின.

ஏற்றுக்கொள்ளப்பட்ட வீடணன் என்ன ஆனான் என்பதற்கும் ஒரு மாலுமியின் கதை உண்டு. அது ரஷ்யாவில். ஃபியோதர் ரஸ்கோல்னிகவ் 1892இல் பிறந்தவர். தந்தை தேவாலயப் பணியாளர். மனைவியை இழந்த குருமாருக்கு ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையில் மறுமணம் கிடையாது; அதனால் மகனுக்குத் தாயின் குடும்பப் பெயரான இலியின்தான் வாய்த்தது. ரஸ்கோல்னிகவ் என்பது தாஸ்தயேவ்ஸ்கி நாவலின் கொலைகார நாயகனிடமிருந்து அவராக எடுத்துக்கொண்ட பெயர். போல்ஷெவிக் கட்சிப் பத்திரிகையான ‘பிராவ்தா’வில் எழுதியவர், முதல் உலகப் போர் வந்ததும் கடற்படை அதிகாரிப் பயிற்சியில் சேர்ந்தார். ரஷ்ய மாலுமியின் சத்தியம் சிலுவையையும் சுவிசேஷத்தையும் முத்தமிட்டு, ஜார் மன்னனுக்குச் செய்வது. 1905இலேயே ‘பொட்டெம்கின்’ கப்பலில் புழு நெளிந்த இறைச்சிக்காக அந்தச் சத்தியம் ஒருமுறை உடைந்திருந்தது. 1917இல் மொத்தமாக உடைந்தது. குரோன்ஸ்டாட் தீவில், கடற்படைப் பேராலயம் நிற்கும் அதே நங்கூரச் சதுக்கத்தில், மாலுமிகள் தங்கள் அட்மிரலைக் கொன்றார்கள். அடுத்த சில வாரங்களில் ரஸ்கோல்னிகவ் அங்கே வந்து பத்திரிகை ஆசிரியரானார்.

அவருடைய மனைவி லாரிசா ரெய்ஸ்னர் கவிஞர், பத்திரிகையாளர், கடற்படைக் கமிசார். இருவரும் வோல்காவில் போரிட்டார்கள். 1918 இறுதியில் ரஸ்கோல்னிகவைப் பிடித்த பிரிட்டிஷார் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் வைத்து, பிறகு கைதிகள் பரிமாற்றத்தில் விட்டார்கள். 1920இல் பால்டிக் கடற்படைக்கே அவர் தலைவர். 1921 மார்ச்சில், அவர் பதவி விலகிய சில வாரங்களில், குரோன்ஸ்டாட் மாலுமிகள் மறுபடி எழுந்தார்கள், இந்த முறை போல்ஷெவிக்குகளுக்கு எதிராக. ரகசிய வாக்கெடுப்பும் பேச்சுரிமையும் கேட்டவர்களைப் பனிக்கட்டி மேல் படை நடத்திப் போய் அடக்கினார்கள். காபூலில் சோவியத் தூதராக இருந்தபோது இந்தியாவில் கலகம் மூட்டுகிறார் என்று பிரிட்டன் அவரைத் திருப்பி அழைக்கச் சொன்னது. 1923இல் கர்சன் அனுப்பிய இறுதி எச்சரிக்கையில் அவர் பெயர் இருந்தது.

1938இல் பல்கேரியாவில் தூதராக இருந்தவரை மாஸ்கோ அழைத்தது. அழைக்கப்பட்டவர்கள் திரும்புவதில்லை என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பதவி பறிக்கப்பட்ட செய்தியை வழியில் படித்தவர் பிரான்சில் தங்கிவிட்டார். 1939 ஆகஸ்ட் 17 தேதியிட்டு ஸ்டாலினுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். கொல்லப்பட்ட தளபதிகள், எழுத்தாளர்கள், விவசாயிகள் என்று குற்றப்பட்டியலை அடுக்கினார். செப்டம்பர் 12 அன்று நீஸ் நகரில் இறந்தார். கடிதம் அக்டோபரில் அச்சானது. வெளியிட்ட பத்திரிகை பாரிஸில் அகதியாக இருந்த கெரன்ஸ்கியுடையது. 1917இல் ரஸ்கோல்னிகவும் தோழர்களும் ஆட்சியிலிருந்து விரட்டிய அதே கெரன்ஸ்கி.

இரண்டாம் முறை கரை மாறுகிறவனுக்குப் புராணத்தில் உதாரணம் கிடையாது. வீடணன் இலங்கைக்கு அரசனானதோடு கதை நிற்கிறது. அயோத்தியே ஒருநாள் இலங்கையானால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. ரஸ்கோல்னிகவ் இருபது ஆண்டுகள் தான் கட்டிய வீட்டின் உப்பைத் தின்று, அந்த வீட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். தாமதமாக ஏற்றினார் என்று குறை சொல்லலாம், 1921இல் அவர் ஏன் பேசவில்லை என்று கேட்கலாம். காந்தியின் கேள்வி இங்கே பொருந்துகிற அளவு தல்வாருக்குப் பொருந்தவில்லை. தூதருக்கு வாசல் இருந்தது. 1963இல் சோவியத் உச்ச நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தது.

தத் விடுதலையான பிறகு பம்பாயில் ‘ஃப்ரீ பிரஸ் ஜர்னல்’ பத்திரிகையில் சேர்ந்தார். அதை நடத்தியவர் சுவாமிநாதன் சதானந்த் என்ற தமிழர். பின்னாளில் விளம்பரத் துறைக்குப் போன தத், 1971இல் தன் அனுபவத்தை நூலாக எழுதி, அதற்கு அப்பாவிகளின் கலகம் என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு வைத்தார். அவர் பெயரையும் மதன் சிங் பெயரையும் கடற்படை பின்னர் தன் கப்பல்களுக்குச் சூட்டியது. 1972இல் மத்திய அரசு கொண்டுவந்த சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டம் ஏற்கும் போராட்டங்களின் பட்டியலில் 1946 கடற்படைக் கிளர்ச்சியும் உண்டு. போராட்டத்தில் கலந்துகொண்டதால் வேலை பறிபோனது என்பதும் அந்தத் திட்டத்தின் தகுதிகளில் ஒன்று.